பிடிலில் வந்த மெட்டும் கரையில் நின்ற கவியும்

மட்டக்களப்புப் பறங்கியரின் கலியாண வீடுகளில் லான்சர்ஸ் என்றொரு ஆட்டம் உண்டு. சோடி சோடியாக எதிரெதிரே நின்று, நடந்து, கைகோத்து, சுற்றி, இடம் மாறி ஆடுவது. அதன் பிறப்பிடத்தைத் தேடிப்போனால் டப்ளின் நகரத்தில் போய் நிற்க வேண்டிவருகிறது. 1817இல் அங்கே டுவால் என்ற நடன ஆசிரியர் அதை அமைத்தார் என்பது ஒரு கூற்று. 1820இல் லண்டனில் ஜோசப் ஹார்ட் வெளியிட்டதே மூலம் என்பது இன்னொரு கூற்று. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும் ஆட்டம் போன வழி தெளிவானது. பிரித்தானியப் பட்டாளங்களோடும் நடனக் கூடங்களோடும் அது உலகம் முழுக்கப் பரவியது. அயர்லாந்தின் கிளேர் மாவட்டக் கிராமங்களில் ஒரு கிளை வேரூன்றியது. இலங்கையின் கிழக்குக் கரையில் இன்னொரு கிளை.

இரண்டு தீவுகளிலும் அந்த ஆட்டத்துக்குப் பிடில்தான் உயிர். ஆனால் வாசிக்கப்பட்டது ஒரே இசையல்ல. கிளேர்க்காரர் தங்களுடைய ரீல் மெட்டுகளை அதற்குப் பொருத்திக்கொண்டார்கள். மட்டக்களப்புப் பறங்கியரோ ஏற்கெனவே தங்களிடமிருந்த கபிரிஞ்ஞா என்ற ஆட்ட இசையோடு அதைச் சேர்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த ஆட்டம், உள்ளூரில் இருந்த மெட்டு, இரண்டையும் கட்டிவைத்த பிடில்காரர் என்ற இந்தச் சேர்க்கை கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வாழ்கிறவர்களுக்கு அந்நியமான சங்கதியல்ல. அது அவர்களுடைய கரையின் இசை வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். இடையில் பத்தே வருடங்கள். அவ்வளவு குறுகிய ஆட்சியின் மொழி இன்றைக்கும் மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை மாவட்டங்களில் சில வீடுகளில் பேசப்படுகிறது என்பதை நினைக்கும்போது வியப்பு அடங்குவதில்லை. ஒல்லாந்தர் காலத்திலும் துறைமுகங்களில் போர்த்துக்கேயக் கலப்பு மொழியே பொதுமொழியாக இருந்தது. அதைப் பேசிய பறங்கியர் குடும்பங்கள் பிறகு தச்சுவேலை, இரும்புவேலை போன்ற கைத்தொழில்களில் தங்கின. அக்கரைப்பற்றிலும் அத்தகைய குடும்பங்கள் இருந்தன. 1969 முதல் அந்த ஊரில் தங்கி ஆய்வுசெய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றி எழுதியதோடு நில்லாமல் பறங்கியரைப் பற்றியும் தனியே எழுதியிருக்கிறார்.

அதே போர்த்துக்கேயர் காலம்தான் இந்தக் கரையின் முஸ்லிம் ஊர்களின் கதையிலும் வருகிறது. மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களில் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். அதற்கு முன்பே இங்கே குடியிருந்தவர்களும் உண்டு. ஆக, ஒரே பேரரசின் நகர்வு ஒரு கூட்டத்தைத் துரத்தி இங்கே கொண்டுவந்தது, இன்னொரு கூட்டத்தைப் பிடிலோடு விட்டுப்போனது. இரண்டும் ஒரே வெளியில், கூப்பிடு தூரத்தில், நானூறு வருடம் வாழ்ந்திருக்கின்றன.

கபிரிஞ்ஞா என்ற பெயரிலேயே ஆபிரிக்கர் இருக்கிறார்கள். போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போர்வீரர்களையும் அடிமைகளையும் இலங்கையில் காபிரி என்றார்கள். அவர்களுடைய தாளமும் போர்த்துக்கேயரின் நரம்பிசையும் கலந்த இடத்தில் இந்த இசை தோன்றியது. புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் காபிரிகளின் வழித்தோன்றல்கள் பாடும் மாஞ்சாப் பாடல்கள் இதற்குச் சொந்தக்காரப் பாடல்கள்.

தாளத்தை விளங்கிக்கொள்ள மேல்நாட்டுக் குறியீடு வேண்டியதில்லை. தகிட தகிட என்று சொல்லிப் பார்த்தால் போதும். ஆறு எண்ணிக்கை, இரண்டு அடி. ஆனால் அந்த ஆறையும் தக தக தக என்று மூன்றாகப் பிரித்தும் கேட்கலாம். கபிரிஞ்ஞாவில் பிடில் ஒரு பிரிப்பிலும் கொட்டு இன்னொரு பிரிப்பிலும் போகும் கணங்கள் வருகின்றன. கால் எதைப் பிடிப்பது என்று ஒரு நொடி தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் ஆட்டத்தின் குதூகலமே இருக்கிறது. ஐரிஷ் ரீல் வேறு வகை. தகதிமி தகதிமி என்று நான்கு நான்காக இடைவெளியில்லாமல் ஓடும். எட்டு அளவு கொண்ட ஒரு பகுதி, அது திரும்ப ஒருமுறை. பிறகு எட்டு அளவு கொண்ட மறுபகுதி, அதுவும் திரும்ப. முடிந்ததும் நிற்காமல் தொடக்கத்துக்கே வரும். கபிரிஞ்ஞாவுக்கு நெருங்கிய ஐரிஷ் உறவு ரீல் அல்ல, ஆறு எண்ணிக்கையில் ஓடும் ஜிக்.

மட்டக்களப்பில் பிடிலோடு கித்தாரும் கொட்டும் சேரும். பிடில்காரர் செவிவழியாகக் கற்றவர். தகப்பன் வாசித்ததை மகன் கேட்டுப் பிடித்துக்கொள்வது வழக்கம். இப்படிக் கைமாறும் இசையில் ஒரு மெட்டு ஒரே உருவில் இருக்க முடியாது.

அதற்கு மிகச் சிறந்த சான்று ‘சிங்கெலே நோனா’ என்ற பாடல். சிங்களப் பெண்ணொருத்தியை விளித்துப் பாடும் இந்தக் காதற் பாட்டு இலங்கைப் பறங்கியரிடம் இருக்கிறது. மலாக்காவின் போர்த்துக்கேய வம்சாவளியினரிடம் ‘ஜிங்க்லி நோனா’ என்று இருக்கிறது. இந்தியாவின் மேற்குக் கரையில் டாமன், டையூ போன்ற பழைய போர்த்துக்கேயத் துறைமுகங்களிலும் இதன் உறவுகள் கிடைத்திருக்கின்றன. மலாக்காவில் இதற்கு பிரான்யோ என்ற ஆட்டம் ஆடுகிறார்கள்; அங்கும் பிடில் முன்னே, றெபானாக் கொட்டு பின்னே. கப்பல் போன துறைகளிலெல்லாம் அடிகள் மாறியிருக்கின்றன, பெண்ணின் பெயர் உச்சரிப்பு மாறியிருக்கிறது, மெட்டு வளைந்திருக்கிறது. எது முதலில் பாடப்பட்டது என்று கேட்டால் விடை கிடைக்காது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கடல்வழியே கிடைக்கும்.

ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்களுக்கு இந்த நிலை பழக்கமானது. ஒரே செய்யுள் ஐந்து ஏடுகளில் ஐந்து விதமாக இருந்தால் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டுவார்கள். ஆனால் ஏட்டில் ஒரு மூலம் இருந்தது என்ற நம்பிக்கை பதிப்பாசிரியருக்கு உண்டு. நாட்டார் மெட்டில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. பேதங்களின் தொகைதான் மெட்டு.

அயர்லாந்துக்காரர்கள் இதை உணர்ந்து வேலைசெய்த விதம் கவனிக்கத்தக்கது. கோர்க் மாவட்டத்தில் 1848இல் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பிரான்சிஸ் ஓனீல், 1901 முதல் 1905 வரை சிக்காகோ நகரப் பொலிசின் தலைவராக இருந்தார். அந்த நகரத்தில் குடியேறியிருந்த ஐரிஷ் பிடில்காரர்களையும் குழல்காரர்களையும் தேடித் தேடி மெட்டுக் கேட்டார். ஓனீலுக்கு நொட்டேஷன் எழுதிப் பழக்கமில்லை. ஜேம்ஸ் ஓனீல் என்ற இன்னொரு பொலிஸ்காரர் கேட்டதைக் குறியீட்டில் எழுதினார். 1903இல் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பில் 1850 மெட்டுகள் இருந்தன. தாய்நாட்டில் பஞ்சத்தாலும் குடிபெயர்வாலும் சிதறிப்போன இசையைப் பிறநாட்டு நகரமொன்றில் இரண்டு பொலிஸ்காரர்கள் சேர்த்துக் கட்டினார்கள். இலங்கையில் கபிரிஞ்ஞாவிலிருந்து இன்றைய பைலாவை உருவாக்கி மக்கள் இசையாக்கிய வொலி பஸ்தியனும் ஒரு பொலிஸ்காரர்தான்.

ஓனீலுக்குப் பின் வந்த பிரெண்டன் பிரெஹ்னாக் இன்னொரு படி போனார். 1963இல் தன் ஆட்ட இசைத் தொகுப்பின் முதற் பகுதியை வெளியிட்டவர் அவர். ஒவ்வொரு மெட்டுக்கும் அட்டை எழுதி, ஒரே மெட்டு எத்தனை பெயர்களில் எத்தனை ஊர்களில் வாழ்கிறது என்று கோத்துவைத்தார். பெயரை நம்பி மெட்டைத் தேடக்கூடாது என்பதை அந்த அட்டைகள் நிரூபித்தன. ஒரு பெயருக்குள் மூன்று மெட்டு இருக்கும். ஒரு மெட்டுக்குப் பத்துப் பெயர் இருக்கும்.

‘லோர்ட் மக்டொனால்ட் ரீல்’ ஒரு நல்ல உதாரணம். 18ஆம் நூற்றாண்டின் ஸ்கொட்லாந்தில் ஒரு பிரபுவின் பெயரில் வழங்கிய மெட்டு அது. அயர்லாந்துக்குப் போய் அங்கே உள்ளூர் மெட்டாகவே ஆகிவிட்டது. ஸ்லைகோ மாவட்டத்தில் 1891இல் பிறந்த மைக்கல் கோல்மன் நியூயோர்க்கில் இசைத்தட்டில் பதிந்த மெட்டுகளில் அதுவும் ஒன்று. அமெரிக்காவின் தென்பகுதியில் அதே மெட்டு ‘தோல் காற்சட்டை’ என்ற பொருளுடைய பெயரில் வேறு நடையில் ஓடுகிறது. கோல்மனின் தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போனபோது ஒரு சங்கடமும் நேர்ந்தது. கிராமத்துப் பிடில்காரர்கள் தங்கள் ஊர் வாசிப்பை விட்டுத் தட்டில் கேட்டபடியே வாசிக்கத் தொடங்கினார்கள். பதிவு ஒரு பேதத்தைக் காப்பாற்றியது, பக்கத்து ஊர்ப் பேதங்கள் சிலவற்றை அழித்தது.

இதே மெட்டு தமிழ்நாட்டுக்கும் வந்தது. சென்னைக் கோட்டையின் பட்டாள வாத்தியங்கள் வாசித்ததைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார். நோட்டு சுவரங்கள் என்று இன்றும் பாலபாடமாகச் சொல்லிக்கொடுக்கப்படும் அந்தச் சிறு உருப்படிகளில் ‘ஜகதீச குருகுஹ’ என்று தொடங்குவது லோர்ட் மக்டொனால்ட் ரீலின் மெட்டில் அமைந்தது என்று இசை ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேல்நாட்டுப் பிடிலைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர். ஆட்டத்துக்குப் பிறந்த மெட்டு சங்கராபரணத்தில் தெய்வ ஸ்துதியாகி நின்றுவிட்டது. இதைக் களவு என்றோ கலப்படம் என்றோ சொல்லத் தோன்றவில்லை. நல்ல காது உள்ளவர்கள் எப்போதும் செய்த காரியம் அது.

கிழக்குக் கரையில் நடந்த தொகுப்பு வேலைகளுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் நிர்வாகப் பணியில் இருந்த ஹியூ நெவில், பறங்கியரின் பாடல்களைச் சேகரித்தார். மட்டக்களப்பில் வழங்கிய போர்த்துக்கேயக் கலப்புமொழிப் பாடல்கள் அவருடைய சுவடித் தொகுதியில் சேர்ந்து பிரித்தானிய நூலகத்துக்குப் போயின. பின்னாளில் அவற்றை ஆராய்ந்த கெனத் டேவிட் ஜக்சன் 1990இல் ஆசியக் கரைகளின் போர்த்துக்கேயக் கலப்புமொழிப் பாடல்களைப் பற்றிய விரிவான நூலொன்றை வெளியிட்டார். நெவில் சேகரித்தது சொற்களை. 1894இல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் இலங்கை இசை பற்றி எழுதிய சி. எம். பெர்னாண்டோ கபிரிஞ்ஞாவையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்த வழியில் இன்னும் நாலு பேர் நடந்திருந்தால் இன்றைக்கு மட்டக்களப்பு மெட்டுக்கும் காலி மெட்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடிந்திருக்கும்.

முஸ்லிம், தமிழ் ஊர்களின் பாடல்களுக்கும் இதே கதிதான். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நாட்டுக் கவிகளுக்குப் பெரிய இடம் கொடுத்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் பல ஆண்டு முயன்று கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். இவர்கள் இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான கவிகள் பாடிய வாய்களோடு போயிருக்கும். அந்தக் கடனை இந்தக் கரை ஒருபோதும் தீர்க்க முடியாது. ஆனால் அச்சில் வந்தது நான்கடிச் சொல். அந்தக் கவியைப் பரணில் இருந்து பாடியவன் எந்தச் சொல்லில் இழுத்தான், எந்த இடத்தில் மூச்சு விட்டான், வீட்டில் இருந்த பெண் அதே கவியை எந்தச் சுருதியில் முணுமுணுத்தாள் என்பவை தாளில் ஏறவில்லை. அயர்லாந்தில் ஓனீலின் புத்தகத்தில் மெட்டு இருக்கிறது, சொல் இல்லை. இங்கே சொல் இருக்கிறது, மெட்டு இல்லை.

கவிக்குத் தாளவாத்தியம் கிடையாது. சொல்லின் நீளத்துக்கேற்ப மெட்டு நீளும். ஆகவே அதைக் குறியீட்டில் அடைப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் பொல்லடிக்கு அந்தச் சாக்குச் செல்லாது. களிகம்பு என்றும் சொல்லப்படும் அந்த ஆட்டத்தில் அண்ணாவியார் பாட, கம்புகள் ஒன்றையொன்று தட்டும் சத்தமே தாளம். அடிகள் எண்ணத்தக்கவை, பாட்டு மாறும்போது நடை மாறுவதும் எழுதத்தக்கது. கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற நாட்களில் கல்முனைக்குடியில் பாவாமார் அடிக்கும் றபானும் அப்படியே. நாகூர் சாகுல் ஹமீது ஒலியுல்லாஹ் பெயரிலான அந்தப் பள்ளியில் கேட்கும் றபானும், மலாக்காவில் ஜிங்க்லி நோனாவுக்கு அடிக்கும் றெபானாவும், சிங்களக் கிராமத்து ரபானும் ஒரே கடல் சுற்றிய ஒரு கருவிக் குடும்பம். கபிரிஞ்ஞாவின் ஆறு எண்ணிக்கை எங்காவது பொல்லடிப் பாட்டுக்குள் நுழைந்திருக்கிறதா என்ற கேள்வியை அக்கரைப்பற்றில் கேட்காமல் வேறு எங்கே கேட்பது?

இந்தக் கரையில் இசையைக் கணக்கோடு ஆராய்ந்த பெரிய அறிஞர் ஒருவர் இருந்தார். சாய்ந்தமருதை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லில் சிலப்பதிகாரத்தின் குறிப்புகளை வைத்து, பௌதிகமும் கணிதமும் கொண்டு, மறைந்துபோன யாழின் சுருதிகளை மீட்க முயன்றார். அது அவருடைய கடைசி ஆண்டும்கூட. மெட்டு போய்ச் சொல் மட்டும் மிஞ்சினால் அதை மீட்க எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கும் என்பதற்கு அந்த நூலின் ஒவ்வொரு பக்கமும் சாட்சி. இரண்டாயிரம் வருடப் பழைய யாழுக்கு அந்த உழைப்புத் தவிர வேறு வழியில்லை. நேற்றுவரை பாடப்பட்ட கவிக்கு அந்த நிலை வரவேண்டிய அவசியமே இல்லை.

வெகுசன இசையில் கபிரிஞ்ஞாவின் பிள்ளையான பைலா, தமிழுக்குள் எளிதாக வந்துவிட்டது. சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’ 1970களில் கடல் கடந்து, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் இடம்பெற்றது. மீன் கொண்டுவந்த கதையைச் சொல்லும் சிங்களப் பல்லவி அப்படியே நிற்க, இடையில் தமிழ் அடிகள் புகுந்தன. எத்தனையோ கலியாண வீடுகளில் எத்தனையோ அடிகள் அதில் ஏறி இறங்கியிருக்கின்றன. பேதம் பிறக்கும் விதம் இதுதான். கண்முன்னால் நடந்ததால் அதை யாரும் ஆராய்ச்சிப் பொருளாக நினைக்கவில்லை.

அயர்லாந்திலும் தம் கண்முன் இருந்ததை மதிக்காத காலம் இருந்தது. 1893இல் தொடங்கிய கேலிக் லீக், லான்சர்ஸ் போன்ற ஆட்டங்களை அந்நியச் சரக்கு என்று ஒதுக்கியது. மொழியை மீட்கப் புறப்பட்டவர்களுக்கு அந்தக் கோபம் வந்ததைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் கிளேர் விவசாயிகள் அதைப் பொருட்படுத்தாமல் அடுக்களையில் ஆடிக்கொண்டே இருந்தார்கள். இப்போது அந்த ஆட்டங்கள்தான் ஐரிஷ் மரபின் அடையாளமாகக் கொண்டாடப்படுகின்றன. தூய்மை தேடும் கண் இசை வரலாற்றில் பலமுறை ஏமாந்திருக்கிறது. பறங்கியரின் பிடில் வேற்றார் இசை, பாவாமாரின் றபான் பழைய வழக்கம், பொல்லடி படிக்காதவர் விளையாட்டு என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு போனால் இந்தக் கரைக்கென்று மிஞ்சுவது என்ன என்பதையும் யோசிக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இந்தக் கணக்கையே மாற்றியது. அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டில் மிக அதிக உயிரிழப்பு இங்கேதான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கடலோரத்தில் வரிசை வரிசையாக வீடுகள் போயின. மட்டக்களப்பில் பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பாரையும் அலை அள்ளிக்கொண்டு போனது. பாட்டுத் தெரிந்தவர்கள், பிடில் வைத்திருந்தவர்கள், கவி சொன்ன மூத்தம்மாக்கள் அந்த எண்ணிக்கைக்குள் இருந்தார்கள்.

அதன் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோ தலைமையில், இசை ஆய்வாளர் மகேஷ் ராதாகிருஷ்ணன் உட்பட்ட குழுவொன்று கிழக்கிலங்கைப் பறங்கியரின் மொழியையும் இசையையும் ஒலி, ஒளிப் பதிவாகச் சேகரித்தது. அழியும் மொழிகளுக்கான ஆவணக்காப்பகத்தில் அவை இருக்கின்றன. பேச்சும் பாட்டும் பிடிலும் ஆட்டமும் ஒரே பதிவில் வருகின்றன. யார் வாசித்தது, எந்த ஊர், எந்தச் சந்தர்ப்பம் என்ற விபரத்தோடு சேர்த்து வைப்பது இத்தகைய ஆவணப்படுத்தலின் அடிப்படை ஒழுங்கு.

அதே ஒழுங்கில் கவிக்கும் பொல்லடிக்கும் றபானுக்கும் ஒரு வேலை தொடங்குவதற்குக் கைத்தொலைபேசி ஒன்றும் பொறுமையும் போதும். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. முத்துமீரானின் தொகுப்பிலிருந்து ஒரே கவியை எடுத்துக்கொண்டு மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களில் ஆளுக்கொருவராகப் பாடக் கேட்டுப் பதியலாம். ஒரு பொல்லடி அண்ணாவியாரிடம் ஒரே பாட்டை இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை கேட்கலாம். அவரே தன் பாட்டை எப்படி மாற்றுகிறார் என்பது தெரியும். றபானின் அடியைத் தனியே பதிந்து, மட்டக்களப்புப் பிடில்காரரின் பதிவுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். பெயர்ப்பட்டியலில் ஊர், வயது, யாரிடம் கேட்டுக் கற்றது என்ற மூன்றும் தவறாமல் இருக்க வேண்டும். பிரெஹ்னாக்கும் இப்படி ஊர் ஊராகத்தான் கோத்துவைத்தார்.